ஜெனிலாவின் அணியில் நான்

மஸ்கட்

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் ஜெனிலாவும் நலமா? உங்கள் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் இங்கே வந்ததிலிருந்து போனில் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நம் மகள், நேற்று என்னைத் தன் ஆன்லைன் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்! அணிக்கு ஐந்து பேர். ஆளுக்கொரு வீரரைத் தேர்ந்தெடுத்து, பேசிக்கொண்டே ஆட வேண்டும்.

"புதுசா வர்றவுகளுக்கு வைத்தியம் பாக்குற ஆளுதான் லேசு. நீ நர்ஸ்தான, அத எடும்மா" என்றாள்.

பகலெல்லாம் அந்த வேலைதானே என்று நான் வெடி வைக்கிறவளை எடுத்தேன். வாசலில் வைத்த வெடி வெடிக்கவில்லை. சிவகாசிக்காரி அல்லவா, "யாரும் கிட்ட போகாதீக, நமுத்த வெடி!" என்று கத்தி அணியையே தள்ளி நிறுத்திவிட்டேன். எதிரிகள் அதைத் தாண்டி வந்து எங்களைச் சுட்டுத் தள்ளினார்கள்.

"ஏம்மா, அது நம்ம ஊரு சரக்கு இல்ல. வெடிக்கணும்னா நீதான் மறுபடி பட்டன அமுக்கணும்!" சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

அடுத்த ஆட்டத்தில் அவள் சொன்ன வைத்தியக்காரியை எடுத்து, அவள் பின்னாலேயே ஓடினேன். ஜெயித்தோம்!

ஒரு சின்ன உதவி, அத்தான். ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவளிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள். "அடுத்த வாரமும் வருவியா?" என்று அவளாகவே கேட்டாள்.

டியூட்டி வண்டி வந்துவிட்டது.

உங்கள்
எவாஞ்சலின்