ஏழாம் மரத்து மணி

1962 ஜனவரி 20, சனிக்கிழமை, காலை ஏழு நாற்பது. கிளை வெட்ட வேண்டிய புளியமரம் பதினொன்று.

வேலைக் குறிப்பில் இவ்வளவுதான் எழுதினேன். மீதியை அதில் எழுத முடியாது. உனக்கு எழுதுகிறேன்.

உழவர்கரையைத் தாண்டி மேற்கே போகும் ரோட்டில் புது மின்கம்பி வருகிறது. கம்பி போகிற பக்கத்துக் கிளைகளை எடுத்தாக வேண்டும். சுண்ணாம்பில் மரத்துக்கு மரம் எண் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது மரத்தில் கை நின்றுவிட்டது. நெஞ்சு உயரத்தில், பட்டைக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பீங்கான் குமிழ். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மணிக்கு ஒயர் இழுக்க நான் அடித்தது. மரம் அதைச் சுற்றிப் பருத்துப் பாதி விழுங்கிவிட்டது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. கார்த்திகை மழையில் வந்த காய்ச்சல், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. இந்தப் பொங்கலுக்கு உன்னிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். போன பொங்கலுக்கும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு முந்தின பொங்கலுக்கும்.

குமிழ் அடித்த அந்த வருஷம் உங்க அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஏலத்தில் இந்த ரோட்டுப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தை மாதம் காய் பழுத்துவிட்டால் உலுக்கி முடிக்கும்வரை ராத்திரிக் காவல் வேண்டும். கீழே படுத்தால் பாம்பு, லாரி. அதனால் ஏழாவது மரத்தின் மேலே பரண் கட்டி அங்கேயே தங்குவது உன் பொறுப்பு. நான் அப்போது எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு வேலை இல்லாமல் சாரத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ சைக்கிளில் வந்து வாசலிலிருந்தே கத்தினாய்:

"வாடா இஞ்ஜினீரு! வேலைதான் இல்ல, தூக்கத்தையாவது வந்து மரத்துமேல போடு!"

பரண் என்றால் பெரிய கட்டுமானம் இல்லை. இரண்டு கவைக்கு நடுவே மூங்கில், மேலே வைக்கோல், அதன்மேல் கோணி. ஒருவன் புரண்டால் மற்றவனும் புரள வேண்டும். சீக்கிரமே பனி இறங்கிவிடும். புளிய இலை அதைச் சேர்த்து வைத்துச் சொட்டுச் சொட்டாக நம் கழுத்துக்குள் விடும். காதைச் சுற்றித் துண்டு, மேலே உங்க அம்மாவின் பழைய சேலை இரண்டு மடிப்பாக. கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடற்கரை விளக்கின் வெளிச்சம் வந்து வந்து போகும்.

"வெள்ளைக்காரன் போய்ட்டான். போறப்போ வெளக்க அணைச்சிட்டுப் போனானா பாரு" என்றாய்.

புளியமரத்தில் ராத்திரி தங்கினால் பேய் அடிக்கும் என்று எங்கள் வீட்டில் பயமுறுத்தியதைச் சொன்னேன்.

"அடிக்குமா? நீ குளிச்சி எத்தினி நாளாவுது? அது மூக்கப் பொத்திக்கினு அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்."

எவ்வளவு சிரித்தோம்! பரண் ஆடியது.

உன் காவல்தான் எனக்குப் பிடிபடவில்லை. பாதித் தூக்கம், பாதி விழிப்பு. விழிப்பு வரும்போதெல்லாம் இருமுவாய். ஏதாவது சினிமாப் பாட்டைத் தப்புத் தப்பாக இழுப்பாய். ஆளே இல்லாத ரோட்டைப் பார்த்து, "யார்ரா அது? போ, போ, வீட்ல தேடப்போறாங்க" என்று அதட்டுவாய்.

"இப்படிக் கத்தினா திருடன் எப்படிடா மாட்டுவான்?" என்று கேட்டேன்.

"அவன் எதுக்கு மாட்டணும்? வராம இருந்தாப் போதும். மாட்டினா அடிக்கணும். அடிச்சா அவன் ஊரு, என் ஊருன்னு வளரும். இருமினா முடிஞ்சிது."

எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு வேலையை இப்படியா செய்வது? மறுநாளே நான்கு பேட்டரி, ஒரு அழைப்பு மணி, கொஞ்சம் ஒயர் கொண்டுவந்தேன். மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் கறுப்பு நூல் கட்டினேன். நூலின் முனையில் ஒரு அட்டைத் துண்டு. அது இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே இருக்கும். யாராவது நூலில் இடறினால் அட்டை உருவிக்கொள்ளும், தகடுகள் ஒட்டும், பரணில் மணி அடிக்கும். இனி இருமத் தேவையில்லை, நிம்மதியாகத் தூங்கலாம், மணி அடித்ததும் இறங்கிப் பிடிக்கலாம் என்றேன். நீ மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம்டா, திருடன் பயந்து செத்துடப் போறான்" என்றாய்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. நீ படுக்கும்போது இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக் கிளையோடு முடிச்சுப் போட்டுக்கொள்வாய். மரத்தில் படுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். எனக்கும் ஒரு துண்டு தந்திருந்தாய்.

"அத அவுத்துப் போடு. மணி அடிச்சி, நீ முடிச்ச அவுத்து, எறங்கறதுக்குள்ள அவன் கூடப்பாக்கம் போய்ச் சேந்துடுவான்."

"அவன் போனா போறான். உழுந்தா நானில்ல போயிடுவேன்!"

"நீ இன்னா தொட்டில் கொழந்தையா? எத்தினி வருசமா மரம் ஏர்ற?"

ராத்திரிக்கு ராத்திரி இதையே நச்சரித்தேன். என் நச்சரிப்புக்கு நீ என்றைக்குத்தான் தாக்குப்பிடித்திருக்கிறாய்? கடைசியில், "சரிங்க முசியே" என்று வெள்ளைக்காரத் துரையிடம் சொல்வது போலச் சொல்லித் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாய்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவதுதான் நான் சொல்லாதது.

திருடன் வரவில்லை. ஒரு ராத்திரியும் வரவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு செய்து வைத்தேனே, ஒருவனாவது வந்து இடறக்கூடாதா என்று இருந்தது. மணி அடிக்குமா என்பதில் சந்தேகம் இல்லை. பகலில் பல தடவை அடித்துப் பார்த்தாயிற்று. நீ எவ்வளவு சீக்கிரம் இறங்குவாய் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு விழிப்பு வந்தது. நீ நல்ல தூக்கத்தில் இருந்தாய். சத்தம் போடாமல் இறங்கினேன். நூலைத் தேடிப் பிடித்தேன். இழுத்தேன்.

நான்தான் இழுத்தேன்.

மேலே மணி அடித்தது. "வந்துட்டேன்" என்று உன் குரல் கேட்டது. வீட்டில் யாரோ கதவைத் தட்டினால் சொல்வாயே, அப்படி. பிறகு நீ எழுந்து நடந்தாய். வீட்டுத் தரையில் நடக்கிற மாதிரி ஒரே ஒரு அடி.

கிளைகள் முறிந்த சத்தம் இருக்கட்டும். அதன் பிறகும் மணி நிற்கவில்லை. அட்டை உருவிவிட்டதால் அது பாட்டுக்கு மேலே அடித்துக்கொண்டே இருந்தது. நீ தரையில் கிடந்தாய். உன் வலது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

மணிச் சத்தம் கேட்டு, களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்த உங்க அண்ணன் இரண்டு ஆட்களோடு லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"எவன்டா? எவன் வந்தது?"

"தெரியலண்ணே. இருட்டுல ஓடிட்டான்."

யாரும் என்னை மிரட்டவில்லை. யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. இல்லாத ஒருவனை நானே செய்து அந்த இருட்டுக்குள் அனுப்பிவைத்தேன்.

அந்த நேரம் பார்த்தா ஏழுமலையின் வண்டி வரவேண்டும்? தினமும் விடியலில் நெல்லித்தோப்பு விறகுத் தொட்டிக்கு லோடு கொண்டுபோகிறவன். வண்டியை மறித்தார்கள். விறகுக்கு நடுவே ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் புளியம்பழம். ரோட்டில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கினது. அந்த ரோட்டில் பொறுக்காதவர் யார்? ஆனால் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

"கீழ கெடந்ததுங்க! சத்தியமா மரத்துல கை வைக்கலங்க!" என்று அவன் கத்தக் கத்த அடித்தார்கள். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலைப் பிடித்திருக்கிறேனே, இப்போது எப்படி எழுந்து போவது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீதான், அந்த வலியில், கத்தினாய்:

"அவன விடுங்கடா! மொகத்த யாரு பாத்தா? மொதல்ல என்ன வண்டில ஏத்துங்கடா!"

வேறு வண்டி ஏது? ஏழுமலையின் வண்டியில்தான் ஏற்றினோம். விறகை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு, உன் வைக்கோலையும் கோணியையும் பரப்பி உன்னைக் கிடத்தினோம். அவன் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம். பள்ளம் வரும்போதெல்லாம் அவன் கீழே இறங்கி மாட்டைப் பிடித்து நடத்தினான். "தம்பி, கொஞ்சம் பல்லக் கடிச்சிக்கோ. இந்தப் பள்ளம் தாண்டினா ரோடு நல்லாருக்கும்" என்று உன்னிடம் சொன்னான். ஆஸ்பத்திரிவரை சொல்லிக்கொண்டே வந்தான். நான் வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். வாய் திறக்கவில்லை.

கால் குட்டையாகத்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகு நீ மரம் ஏறவில்லை. உங்க அப்பா ஏலத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார். நெல்லித்தோப்பில் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்து, உன்னால் மிதிக்க முடியாத சைக்கிள்களை ஊராருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் வரும்போதெல்லாம் டீ சொல்வாய்.

"இஞ்ஜினீரு, உன் மணி வேலை செஞ்சிதுடா. அதுக்காவது சந்தோசப்படேன்."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாய். வீட்டில் எல்லாரும் மணியைத் திட்டும்போதும் நீ அதற்காகச் சண்டை போட்டாயாம், உங்க அம்மா சொன்னார்.

ஒருநாள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே கேட்டாய்: "ஆமா, அன்னிக்கு நீ எப்படா கீழ எறங்கினே?"

"மணி கேட்டதும்."

"என்னவிட வேகமா எறங்கியிருக்கே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்துதான் சிரித்தாயா? நானாகச் சொல்ல ஒரு கதவைத் திறந்து விட்டாயா? அப்படியானால் நான் அதையும் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

இன்று காலை குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வெட்டும் கிளைகளை ஏற்ற வண்டி வந்தது. கான்ட்ராக்டர் அனுப்பியது. ஏழுமலை. உழவர்கரையில் யாரும் அவனுக்கு லோடு கொடுப்பதில்லை, எங்கெங்கோ கிடைத்ததை இழுக்கிறான். எங்கள் லைன்மேன் ஒருவன் கம்பத்திலிருந்து கூவினான்:

"புளி ஏழுமலை வந்துட்டாரு! மரத்த எண்ணி வச்சிக்குங்கப்பா, ஒண்ணு கொறஞ்சிடப் போவுது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து வருஷமாக அதுதான் அவன் பெயர். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குனிந்து சுண்ணாம்பைக் கலக்கினேன். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"உங்க சிநேகிதரு எப்படிக் கீறாரு சார்? கால் வலி கொறஞ்சிதா?"

நீ போனது அவனுக்குத் தெரியாது. சொன்னேன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அவரு ஒருத்தருதான் சார் என்னத் திருடன்னு சொல்லல."

நீ போய்விட்டாய். இனி அவனைத் திருடன் இல்லை என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. நான் ஒருவன்தான் பாக்கி. அப்போதும் நான் சொன்னது, "எட்டாவது மரத்துக்கிட்ட வண்டிய நிறுத்து" என்பதுதான்.

வேலையில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. லைனுக்கு மின்சாரம் கொடுக்குமுன், கம்பத்தில் ஏறியிருந்த ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பதில் வரும்வரை சுவிட்சைத் தொடமாட்டேன். எதிரிலேயே நிற்கிறவனையும் கூப்பிடுவேன். "சாருக்குக் கண்ணு தெரியலடா" என்று பையன்கள் பின்னால் சிரிக்கிறார்கள். எதற்கும் பொறுமை இல்லாத ஆள், இதற்கு மட்டும் ஏன் இப்படி நிற்கிறான் என்று அவர்களுக்குப் புரியவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. அன்றைக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு நூலை இழுத்திருக்கலாம்.

இனிச் செய்யப்போவது:

1. நாளை ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக்குப் போய், அம்மாவிடமும் அண்ணனிடமும்

இல்லை. வரிசை தப்பு. மறுபடி எழுதுகிறேன்.

1. நாளை விடியலில் விறகுத் தொட்டி. முதலில் ஏழுமலை. நூலை இழுத்தது நான், திருடன் என்று ஒருவன் வரவே இல்லை என்று சொல்வேன். அவன் என்ன செய்தாலும் நிற்பேன்.

2. பிறகு உங்க வீடு. அம்மா முன்னால், அண்ணன் முன்னால் அதையே சொல்வேன். அண்ணன் கை நீட்டுவார். தடுக்கமாட்டேன்.

3. அண்ணனோடு, வராவிட்டால் தனியாக, உழவர்கரை டீக்கடை. 'புளி ஏழுமலை' என்ற பேர் கிளம்பியது அங்கேதான். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, உரக்கச் சொல்வேன்.

4. திங்கள் காலை, வேலை தொடங்குமுன், லைன்மேன்கள் எல்லாரிடமும். அவன் பேர் ஏழுமலை.

5. ஏழாவது மரம். குமிழைப் பிடுங்கமாட்டேன், அது அங்கேயே இருக்கட்டும். பரண் இருந்த கிளையும் கம்பிக்குக் குறுக்கே வருகிறது, வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டச் சொல்லுமுன், அண்ணாந்து, உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பையன்கள் சிரிக்கட்டும். கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.