மேட்டு வீட்டுப் பலகை

1997 ஜனவரி 9, வியாழன்

இன்று காலை என் பலகையில் 4.2 அங்குலம் பனி. ரோலண்டின் பலகையில் 5.6. வானொலியில் அவருடைய எண்ணைத்தான் சொன்னார்கள். இனி அதைத்தான் சொல்வார்கள்.

முப்பது குளிர்காலம் இந்த ஊரின் பனியை என் கொல்லையில் வைத்துத்தான் அளந்தார்கள். அளந்தார்கள் என்ன, நான்தான் அளந்தேன். காலையில் வெள்ளைப் பலகைமேல் விழுந்து கிடக்கும் புதுப் பனியில் அளவுகோலை இறக்கிப் பார்ப்பேன், வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்வேன், பலகையைத் துடைத்து வைத்துவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்ட ஓடுவேன். சம்பளம் கிடையாது. பெயர் மட்டும் உண்டு. போன அக்டோபரில் அலுவலகத்து ஆள் வந்தான். ஊசியிலை மரங்கள் வளர்ந்து காற்றை மறிக்கின்றன, மரத்தை வெட்டுங்கள், இல்லையென்றால் இடத்தை மாற்ற வேண்டியதுதான் என்றான். என் புருஷன் ஆர்வோ வெட்ட விடவில்லை. கல்யாணமான வருஷம் நட்ட மரமாம். கல்யாணம் செய்துகொண்டவள் பலகையை இழந்தால் பரவாயில்லையாம்.

அளக்கும் பொறுப்பு மேட்டில் வீடு வாங்கி வந்திருக்கும் ரோலண்ட் பெரோவுக்குப் போனது. தெற்கே ஏதோ வங்கியில் மேலாளராக இருந்தவர். இங்கே வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

ஜனவரி 22, புதன்

புதன்கிழமை என்றால் ஆர்வோ மேலே ரோலண்ட் வீட்டுக்குப் போய்விடுகிறான். இரண்டு பேரும் சீட்டாடுகிறார்கள். போகும்போது நான் சுட்ட ஏலக்காய் ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

"அந்த ஆளுக்கு எதுக்கு?" என்றேன்.

"தனியா இருக்கிற மனுஷன், ஹில்யா. உன் ரொட்டின்னா அவனுக்கு உசுரு."

என் பலகை, என் புருஷன், என் ரொட்டி. இன்னும் என்ன வேண்டுமாம்?

பிப்ரவரி 6, வியாழன்

ஒரே வாரத்தில் இருபத்தெட்டு அங்குலம். ஏரி உறையவே இல்லை, அதன்மேல் வருகிற காற்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மேட்டில் கொட்டுகிறது. மேட்டில் எப்போதும் அதிகம்தான் விழும். அதை நான் அலுவலகத்துக்குச் சொன்னேன். "உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம், மேடம்" என்றாள் போனில் ஒரு பெண்.

தரையில் கிடக்கும் பனியின் ஆழத்தில் மட்டும் நான்தான் முன்னே. மர நிழலில் உருகாமல் கிடக்கிறது. என் கொல்லையில் 44, அவருடையதில் 38. ஆனால் கிடக்கிற பனியை யார் கேட்கிறார்கள்? விழுகிற பனிக்குத்தான் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 7

நானும் என் பலகையில் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். யாருக்காக என்று கேட்காதே, ஹில்யா.

மார்ச் 3, திங்கள்

சில்வியின் காபிக் கடையில் இன்று அதே பேச்சுதான். இந்தக் குளிர்காலத்துக்கு ரோலண்டின் மொத்தம் 221 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. ஊரின் உச்சம் 251.3. அது 1978-79 குளிர்காலத்து எண், என் கையால் அளந்து என் கையால் எழுதியது. இந்த ஊரில் அந்த வருஷத்துக்கு வேறு பெயரே கிடையாது. "ஹில்யா குளிர்காலத்துலதான் எங்க பெரியவன் பொறந்தான்" என்பார்கள். சுரங்கத்தில் கூரை இறங்கியதும் ஹில்யா குளிர்காலத்தில்தான். எனக்குப் பிள்ளை இல்லை. இந்த ஊரில் என் பெயரைச் சொல்ல அந்த ஒரு எண்தான் இருக்கிறது.

சுரங்கத்தில் வேலை பார்த்த உர்ஹோ காபியைக் கலக்கிக்கொண்டே, "என்ன ஹில்யா, மூட்டையைக் கட்டிட்டியா? அடுத்த வருஷம் ரோலண்ட் குளிர்காலம்னு சொல்லப்போறோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவும்போது ஒன்று உடைந்தது.

மார்ச் 19, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன். ஆர்வோவுடன் மேலே போனேன், அவர் எப்படி அளக்கிறார் என்று பார்க்க. மணிக்கொரு தடவை பலகையைத் துடைத்துத் துடைத்து அளந்தால் எண் ஊதிப் பெருக்கும், புதுப் பனி அமுங்க நேரமே இருக்காதே. திருட்டுத்தனம் பண்ணுகிறார் என்றே இருந்தேன். இருக்க வேண்டும் என்று இருந்தேன்.

இல்லை. சுத்தமாக அளக்கிறார். மூன்று இடத்தில் கோலை இறக்குகிறார், கண்ணைப் பனி மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறார். இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"உங்க பழைய குறிப்புகளைப் படிச்சுதான். அலுவலகத்துல கேட்டு வாங்கினேன். நீங்க என்னவெல்லாம் செஞ்சீங்களோ அதையேதான் செய்றேன்."

சொல்லிவிட்டு எனக்குக் காபி ஊற்றினார். காபியும் நன்றாக இருந்தது. வயிறு பற்றி எரிந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

249.1. மேட்டில் பனி ஓய்ந்ததுபோல் இருக்கிறது. இருக்கட்டும். இப்படியே நின்றுபோகட்டும். சாமிக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கும், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ரோலண்ட் தன் வீட்டுப் படியிலேயே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சத்தியமாக நான் இதைக் கேட்கவில்லை.

ஆர்வோ சாவியோடு வந்தான். "பலகையை ஹில்யா பாத்துக்கட்டும், வேற யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டான். அலுவலகத்துக்கும் சொல்லியாச்சாம்."

"என்னையா?"

"உன்னைத்தான். ஊர்ல வேற யாருக்குத் தெரியும் அது?"

ஏப்ரல் 12, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

காலையிலிருந்து பனி. கனமான, ஈரமான ஏப்ரல் பனி. ஆர்வோ ரோலண்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். இரண்டு மணிவாக்கில் பனி நின்றது, மேகம் விலகத் தொடங்கியது. ஏப்ரல் வெயில் பட்டால் அரை மணியில் பாதி கரைந்துவிடும். விதி என்னவோ சுலபமானது: கரைவதற்கு முன்னால் அளக்க வேண்டும். மறுநாள் காலையில் போய் அளந்தேன் என்றால் கேட்க ஆளில்லை. ஆனாலும் ஓடினேன். அந்த மேட்டில் அறுபத்து மூன்று வயதில், மூச்சு வாங்க, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினேன். வெயில் அந்தப் பலகையைத் தொடவில்லை. நான் போகும்போது தொடவில்லை.

மூன்று இடத்தில் இறக்கினேன். 2.1. 2.2. 2.1.

இரண்டு புள்ளி ஒன்று. மொத்தம் 251.2. என் எண்ணுக்குப் பத்தில் ஒன்று குறைவு.

மண்டியிட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். முதலில் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அப்புறம் புரிந்தது. யார் நம்புவான்? குளிர்காலம் முழுக்க வயிறெரிந்தவள், கூட ஒரு ஆள்கூட இல்லாமல், தனியாகப் போய் அளந்து, தன் எண் மயிரிழையில் பிழைத்தது என்று சொன்னால் எவன்டா நம்புவான்?

2.2 என்று எழுதலாம். ஒரு இடத்தில் 2.2 இருக்கத்தானே செய்தது? எழுதினால் சமம். அவருக்கும் பெயர், எனக்கும் பெயர், ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான்.

2.1 என்றே எழுதினேன்.

அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ரோலண்ட் கேட்டுக்கொண்டார். பிறகு "சரி" என்றார். அந்தச் "சரி" என்ன சரி?

ஏப்ரல் 14, திங்கள்

சில்வியின் கடைக்குப் போனேன். சில்வி காபியை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். உர்ஹோதான் ஆரம்பித்தான்.

"பனி நின்னு எவ்வளவு நேரம் கழிச்சு மேல ஏறினே, ஹில்யா? நிதானமாப் போனியோ?"

"ஓடினேன்."

"ஓடினியா. இந்தக் காலை வச்சுக்கிட்டு." அவ்வளவுதான் சொன்னான். பக்கத்து மேசையில் யாரோ இருமினார்கள்.

காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

ஆர்வோ இன்று மேலே போகவில்லை. ரோலண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாயிற்று, சக்கரம் வைத்த நடைச் சட்டத்தைப் பிடித்து நடக்கிறாராம். சீட்டாட ஏன் போகவில்லை என்றேன். செய்தித்தாளை விரித்துக்கொண்டான்.

ஏப்ரல் 30, புதன்

இன்றும் போகவில்லை. விடாமல் கேட்டேன். கடைசியில் சொன்னான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் போனை வைத்த கையோடு ரோலண்ட் இவனிடம் கேட்டாராம்: "ஹில்யா எப்ப மேல போனாங்க, உனக்குத் தெரியுமா?"

"நீ என்ன சொன்னே?"

"தெரியாது, நான் இங்க உன் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்னு சொன்னேன். அப்புறம் தொப்பியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"எனக்காகவா?"

"பின்ன, மரத்துக்காகவா?"

ஆக, ஜனவரியில் நான் என்னவெல்லாம் வேண்டுமென்று பொருமினேனோ அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. எண் என்னுடையது. புதன்கிழமை புருஷன் வீட்டில். முழு ரொட்டியும் மேசைமேல். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆர்வோவுக்கு வேறு சிநேகிதன் கிடையாது என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

மே 13, செவ்வாய்

மே மாதத்தில் பனி. இந்த ஊரில் புதிதில்லை, ஆனாலும் இந்த வருஷமா?

மதியம் இருண்டுகொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. தரை சூடாக இருந்ததால் விழுந்ததெல்லாம் தண்ணீர். என் பலகையில் மட்டும் மெல்லிசாக வெள்ளைப் பூச்சு. கோலை இறக்கினேன், பத்தில் ஒன்று. மேட்டில் கூடுதலாக இருக்கும். பத்தில் இரண்டு இருந்தாலே என் எண் போய்விடும்.

மேலே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வலி மாத்திரை போட்டுத் தூங்குவார் என்று தெரியும். வைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்தேன். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், பலகையில் ஒன்றும் இருக்காது, மேட்டில் பனி தங்கியதே யாருக்கும் தெரியாது. நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

ஏப்ரலில் நான் ஓடினேன் என்பதற்கு என்னைத் தவிர சாட்சி இல்லை. இன்றைக்குச் சும்மா இருந்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன மேடு. கதவை இரண்டு கையாலும் தட்டினேன். ரோலண்ட் உள்ளாடையோடு நடைச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பலகையில பனி இருக்கு. வாங்க, கரையுது."

அவரால் குனிய முடியவில்லை. நான்தான் மண்டியிட்டேன். மூன்று இடத்திலும் ஒரே அளவு. பத்தில் மூன்று.

"251.5," என்றேன். "எழுதிக்குங்க."

அவர் எழுதவில்லை. "நீங்க வந்து எழுப்பலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, ஹில்யா."

"ஏன் வந்தேன்னு நானும்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"ஏப்ரல்ல ஆர்வோகிட்ட நான் ஒண்ணு கேட்டுட்டேன்."

"தெரியும்."

"கேட்டிருக்கக்கூடாது."

"ஆமா, கேட்டிருக்கக்கூடாது. உள்ள போங்க, காலெல்லாம் நீலம் பூத்திருக்கு."

இறங்கி வரும்போது அழுதேன். அவருக்காக இல்லை. பதினெட்டு வருஷம் வைத்திருந்த எண்ணை என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கம். ரோலண்டின் படம் இல்லை. கேட்டதற்கு மறுத்துவிட்டாராம். தான் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், திருமதி கெம்ப்பாய்னன் (நான்தான்) மேட்டில் ஏறி வந்து கதவைத் தட்டியிருக்காவிட்டால் அவருடைய எண்தான் இன்னும் உச்சமாக இருந்திருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். ஏப்ரலிலும் நான் சரியாகத்தான் அளந்தேன் என்று தனியாக ஒரு வரி. காலையில் உர்ஹோ வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். ஒரு பக்கெட் மீனை வைத்துவிட்டுப் போனான்.

இனி அந்த வங்கிக்காரரை நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது. அதையும் பிடுங்கிக்கொண்டார். வருகிற குளிர்காலம் ஊரில் அவருடைய பெயரைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

ஆர்வோ பதினொரு மணிக்கே சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். ரொட்டியை முழுசாகக் கொடுத்தனுப்பினேன். அவன் திரும்பும்வரை நன்றாகத் தூங்கினேன்.