திங்கட்கிழமைக் கோடுகள்

ராஜபாளையம்,
12 மார்ச் 1941, புதன்கிழமை.

என் அன்பு மனைவி ஞானரத்தினத்துக்கு ஜெபதுரை எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் ஏசம்மாள் அக்காவும் நம் செல்வியும் சுகம். இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. போன மூன்று கடிதங்களிலும் இதே 'சுகம்' எழுதினேன். அது பொய். பிள்ளைக்குக் கழுத்திலும் கை மடிப்பிலும் கரப்பான் வெடித்து நீர் வடிந்த நாட்களில் எழுதியது. ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்புப் படிக்கிறவள் மனசைக் கலைக்க வேண்டாம் என்றுதான் அப்படி எழுதினேன். தப்புதான்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. தபாலில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று, மதுரைக்குப் போன பஞ்சுக்கடை தனுஷ்கோடியிடம் உனக்கு ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்த மகாராசன் அதைப் பதினைந்து நாள் பையில் வைத்திருந்துவிட்டு, இங்கே நிலைமை மாறிய பிறகு உன் கையில் கொடுத்திருக்கிறான். அதைப் படித்துவிட்டுத்தான் நீ இருபத்தாறாம் தேதிப் பரீட்சையே வேண்டாம், சனிக்கிழமை புறப்பட்டு வருகிறேன் என்று எழுதிவிட்டாய். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞானம், வராதே. இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

கிறிஸ்துமஸ் முடிந்து நீ போகும்போது கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாயே, அதன்படிதான் எல்லாம் நடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு கிடையாது, பயத்தமாவு, ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெய், ஒட்ட வெட்டிய நகம். அக்கா மட்டும் தன் பங்குக்குக் கத்தரிக்காய், கருவாடு, கடலை என்று கரப்பான் பண்டம் அத்தனையும் நிறுத்திப் பிள்ளையை இளைக்க வைத்தாள்.

தாளின் கடைசி வரியைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். தினமும் காலையில் பிள்ளையின் கை மடிப்பைப் பார்த்து, மோசமாக இருந்தால் குறித்து வைக்கச் சொல்லியிருந்தாய். மில் வாசலில் நின்று முந்நூறு பேர் வருகையைக் குறித்து மஸ்டர் போடுகிற டைம்கீப்பர், வீட்டில் வந்து தோலுக்கும் மஸ்டர் போட வேண்டுமா என்று அக்காவிடம் கேலி பேசினேன். ஆனாலும் சொன்னபடி செய்தேன். அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் வாரத்துக்கு ஏழு கட்டம் போட்டு, மோசமான நாளில் ஒரு கோடு இழுத்தேன்.

மூன்று வாரம் போன பிறகு ஒரு காலை காப்பியோடு அந்தச் சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். செவ்வாய், புதனில் அங்கொன்று இங்கொன்று. திங்கட்கிழமைக் கட்டம் மட்டும் ஒன்று விடாமல் கறுத்திருந்தது. என் மஸ்டரும் இப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைக்குப் போனவன் திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டான். ஆள் திங்கட்கிழமை வராவிட்டால் ஞாயிறு என்ன செய்தான் என்று கேட்பதுதான் எங்கள் வழக்கம். பிள்ளை விஷயத்திலும் அதையே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு என்றாள் அக்கா. நிறுத்திப் பார்த்தோம், திங்கட்கிழமைக் கோடு விழுந்தது. கோயில் பாய் என்று நினைத்து அடுத்த வாரம் துணி விரித்து உட்கார வைத்தேன். அதற்கும் விழுந்தது. அந்த வாரம்தான் பிள்ளை கழுத்தைச் சொறிந்து ரத்தம் பார்த்தாள். அக்கா சீட்டு எழுதியதும் அந்த வாரம்தான். ஏற்கெனவே மூன்று கடிதத்தில் பொய் எழுதியவன், அதன் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலே இருந்துவிட்டேன்.

பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி, கோயிலுக்குப் புறப்படுகிற நேரம். செல்வியைத் தூக்கக் குனிந்தேன். அவள் இரண்டு கையையும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளிக்கொண்டு, "வேண்டாம்ப்பா, சட்டை கடிக்கி" என்றாள்.

ஞானம், இதை அவள் அன்றைக்குப் புதிதாகச் சொல்லவில்லை. வாராவாரம் சொல்லியிருக்கிறாள். கோயிலுக்கு வரப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறாள் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். இரண்டரை வயசுப் பிள்ளை தன் வாயாலே நோய்க்குக் காரணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

என் கஞ்சிப் பைத்தியம் உனக்குத் தெரியும். வண்ணான் போடுகிற கஞ்சி போதாது என்று நானே வடிகஞ்சியில் நீலம் கலந்து முக்கி, கழற்றி வைத்தால் சட்டை தானாக நிற்கிற மாதிரித் தேய்ப்பேன். நீ போனதிலிருந்து பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை உடுப்புக்கும் அதே கஞ்சிதான். தாய் ஊரில் இல்லை, பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை என்று கோயிலில் ஒருத்தர் வாயும் பேசக் கூடாது என்ற ரோஷம். அந்தக் கழுத்துப் பட்டியை எடுத்து என் கை மடிப்பில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஓலைப்பாய் விளிம்பு போல அறுத்தது. அதை நான் என் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு அழுதேன், உன்னிடம் மறைக்கவில்லை.

சட்டையைக் கழற்றிவிட்டு, துவைத்துக் கசங்கிக் கிடந்த மில் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பிள்ளைக்கு நைந்த பழைய சீட்டி உடுப்பு. கோயில் வாசலில் மணியடிக்கிற ஏசுவடியான் என்னைப் பார்த்துவிட்டு, "ஏலே, மாட்டு வாயில கெடந்த சட்டையையா புடுங்கிப் போட்டுட்டு வாரே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செல்வி என் நெஞ்சில் கன்னத்தை வைத்துப் பிரசங்கம் முழுக்கத் தூங்கினாள். ஒரு தடவைகூடச் சொறியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று திங்கட்கிழமை போய்விட்டது. மூன்று கட்டமும் வெறும் சுவர்.

நேற்று வேலை முடிந்து வந்து பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். பட்டை உரிந்து கறுத்துத் தடித்துக் கிடந்த முழங்கை மடிப்பில் புதுத் தோல் வந்திருக்கிறது. ரோஸ் நிறம். எண்ணெய் பட்டதும் மினுமினுக்கிறது. உற்றுப் பார்த்தால் அதில் மெல்லிய ரேகைகூட ஓடுகிறது. ஆயிரக்கணக்கில் நூற்புக் கதிர் சுற்றுகிற மில்லில் அறுந்த நூலைக் கோக்க ஆள் ஓட வேண்டும். இந்தப் பிள்ளையின் உடம்பில் யார் ஓடினார்கள்? கடிக்கிறதை நாம் எடுத்தோம், எண்ணெய் தடவினோம், அவ்வளவுதான். மீதியை உள்ளேயிருந்து ஒருத்தர் செய்திருக்கிறார். வேதத்தில் எத்தனையோ அற்புதம் படித்திருக்கிறேன், வாய் பிளந்து நின்றது நேற்றுத்தான். அக்கா விளக்கேற்ற வந்தவள் என்னடா இது என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்தத் தோலின் மேல் வைத்தேன்.

முற்றும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முழங்காலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த பனிக்குத் திரும்ப வரலாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வரட்டும், பார்த்துக்கொள்வோம்.

இன்னொன்று. என்னோடு மில்லில் வேலை பார்க்கிற மம்சாபுரத்துச் சந்தனம், கரப்பானுக்கு நல்லது என்று வெட்பாலை இலை கொண்டுவந்து, எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நாளாக நாளாகப் பச்சை இலை எண்ணெயைக் கத்தரிப்பூ நிறமாக மாற்றிவிட்டது. அதையும் வாய் பிளந்துதான் பார்த்தேன். கத்தரி நிறம் என்பதால் அக்காவுக்கு அதன் மேலும் சந்தேகம். உங்கள் டாக்டரம்மாவைக் கேட்டு எழுது. அதுவரை பிள்ளை மேல் படாது.

மூன்று முறை பொய் எழுதியவன் பேச்சை எப்படி நம்புவது என்று நீ கேட்பாய். அதனால் சுவரில் உள்ளதை அப்படியே மஸ்டர் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கெட்ட நாளும் இருக்கிறது, நல்ல நாளும் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் மஸ்டரில் ஒரு நாள்கூட நான் பொய் எழுதியதில்லை. கீழே அக்காவின் கையெழுத்தும் இருக்கிறது.

பரீட்சை எழுதிவிட்டு வா. பாஸ் செய்து, ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலையிலேயே நம் தெருவில் நடப்பேன் என்று எழுதியிருந்தாயே, அப்படியே வா, தெரு பார்க்கட்டும். ஆனால் அந்தச் சேலைக்கும் கஞ்சி போட்டிருப்பார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் பிள்ளை உன்னிடம் ஓடிவருவாள். செத்த நேரம் பொறுத்துக்கொள், உடனே தூக்கிவிடாதே. உன் பழைய நீலச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்பேன். வீட்டிலேயே மெத்தென்ற துணி அதுதான். நீ போன நாளிலிருந்து அவள் அதில்தான் தூங்குகிறாள். ஒரு நுனி எனக்கும் கொடுக்கிறாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அப்புறம் பிள்ளையைத் தூக்கு.

உன் கையையும், அது ஏந்தப்போகும் பிள்ளைகளையும் கர்த்தர் காப்பாராக.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
ஜெபதுரை