நாற்காலிக் கட்சிக்காரிக்கு

அக்கா, நம்ம ஆளுங்க புது ஆல்பம் போட்டிருக்கானுங்க.

தம்பி மகன் காலையில் போனில் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு சண்டையையும் அனுப்பியிருந்தான். அந்த பேண்டு போட்ட ஆல்பங்களில் எது உசத்தி என்று உலகம் பூரா ஆட்கள் உட்கார்ந்து அடித்துக்கொள்கிற பக்கம் அது. மூன்றாவதுதான் என்கிறான் ஒருத்தன். உனக்குக் காது இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறான் இன்னொருத்தன். ஐந்தாவதைச் சொல்கிறவள் ஒருத்தி நடுவில் புகுந்து இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். ஒன்றுகூடப் புதுசில்லை. எல்லாம் நாம் பேசி முடித்ததுதான், அவர்கள் இங்கிலீஷில் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று முழுசையும் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தொண்ணூற்று மூன்றில் எனக்குத் திண்டிவனம் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நீ அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் வீடு விழுப்புரத்தில், கையில் சீசன் டிக்கெட், காலை பாசஞ்சரில் லேடீஸ் பெட்டி. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் வாக்மேன் வயரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வருவாய். ஏதோ சாமி பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் இடம் கிடைத்தது. “எந்தக் கோயில் பாட்டுங்க சிஸ்டர்?” என்று மரியாதையாகக் கேட்டேன். நீ வயரைக் கழற்றி என் காதில் மாட்டினாய். ஐயோ, ஒரு ஆம்பளை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

“யாருங்க இவன், இப்பிடி அழுவறான்?”

“அழுவல. மொதல்ல கேளு, அப்பறமா பேசு.”

விக்கிரவாண்டியில் மாட்டியதை மயிலத்தில்தான் கழற்றினேன். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனால் அவனுக்கு யார் மேலேயோ ஆத்திரம் என்பது புரிந்தது. அந்தக் காலத்தில் எனக்கும் எல்லார் மேலேயும் ஆத்திரம்தான். நாளெல்லாம் ஊரார் வழக்கை டைப் அடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மாமியாருக்குப் பதில் பேசாமல் சோறு போட வேண்டிய வயசு. எனக்குப் பதிலாக ஒருத்தன் கத்துகிறான் என்று இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பாடகனுக்கு நம் பெட்டியில் அழுமூஞ்சி என்றே பெயர்.

ஆல்பம் பெயர்களைச் சொன்னால் நமக்கே வாயில் நுழையாது. அதனால் அட்டையில் இருந்த படத்தை வைத்துக் கூப்பிட்டோம். முதல் ஆல்பம் குடை. மூன்றாவது மாடிப்படி. பின்னால் வந்த ஐந்தாவதில் வெறும் மைதானத்தில் ஒரு நாற்காலி கிடக்கும், அது நாற்காலி. நான் மாடிப்படி, நீ நாற்காலி. ஒரு தேர்தல் சமயத்தில் பேரணி ஸ்டேஷனில் ஏறிய ஒரு அம்மா நம் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நாற்காலி எந்தக் கட்சிக்கும்மா சின்னம்? எங்க ஊருக்கு வரவே இல்லியே அவங்க,” என்று கேட்டாள். பெட்டி மொத்தமும் சிரித்ததில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அதிலிருந்து நாம் கட்சிக்காரர்கள். வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டு வருவாளே மல்லாட்டைக்காரி, அவள்கூட ஏறும்போதே கேட்பாள், “இன்னிக்கி யாரு ஆட்சி?”

உன் கட்சியின் கொள்கை எனக்கு மனப்பாடம். “கோவத்த எவன் வேணா பாடுவான். கோவம் அடங்கினப்பறம் மனுசன் என்னா பண்றான்னு நாற்காலியில மட்டுந்தான் பாடிக்கீறான்.” நாலாவது ஆல்பத்தோடு டிரம் அடிப்பவன் விட்டுவிட்டுப் போனான், அதோடு பேண்டுக்கு உயிரும் போனது என்பது என் கட்சி. “போனவனையே பேசிக்கினு இருக்காதே. இருக்கிறவன் என்னா அடிக்கிறான்னு கேளு,” என்பாய். நான் விடுவேனா? முண்டியம்பாக்கத்தில் ஆரம்பித்தால் திண்டிவனம் பிளாட்பாரத்தில் இறங்கி, நீ ஆஸ்பத்திரிப் பக்கமும் நான் கோர்ட்டுப் பக்கமும் பிரியும்வரை வாய் ஓயாது. ஒருநாள் ஆத்திரத்தில், “உனக்குக் காது கேக்குதா, இல்லியா?” என்று கத்திவிட்டேன். அதுவரை நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவள். நீ பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாய். “அப்பாடா. இப்பத்தான் ஒழுங்கா சண்ட போடறே. குடிச்சிட்டு மேல பேசு.” அப்படித்தான் நீங்க என்பது நீ ஆனது.

என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. மாடிப்படி ஒரிஜினல் கேசட் உன்னுடையது, புதுச்சேரியில் வாங்கியது. அதை இரவல் வாங்கி, திண்டிவனத்தில் ரெக்கார்டிங் கடையில் கொடுத்து எனக்கொன்று பதிந்துகொண்டேன். அட்டையைக் கடைக்காரரே கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த கேசட்டின் கடைசியில் ஒரு பாட்டு. மேளமில்லை, கத்தல் இல்லை, ஒரே ஒரு பியானோவும் குரலும். வாதத்தில் நான் தோற்கிற மாதிரி இருந்தால் அதை எடுத்து வீசுவேன். “நாற்காலி பூராவையும் ஒரு தட்டுல வையி. அந்தக் கடைசிப் பாட்ட மட்டும் ஒரு தட்டுல வைக்கிறேன். எது எறங்குதுன்னு பாரு.” நீ உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். “அந்தப் பாட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல,” என்பாய். மல்லாட்டைக்காரி என் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் போனது. பைபாஸில் லாரி. லீவு முடிந்து நான் பெட்டியில் ஏறிய அன்றைக்கு எல்லாரும் எழுந்து நின்று ஜன்னலோரம் இடம் விட்டார்கள். பேச்சை அடக்கிக்கொண்டார்கள். மல்லாட்டைக்காரி மடியில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். நல்ல மனுஷிகள்தான். ஆனால் அந்த அமைதியில் எனக்கு மூச்சு முட்டியது. அப்படியே கதவு வழியாகப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது, உன்னிடம் அதைச் சொன்னதில்லை. நீ எதிரே வந்து உட்கார்ந்தாய். துக்கம் விசாரிக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை.

“நீ இல்லாம நாற்காலிதான் தெனம் ஜெயிச்சிக்கினு இருக்குது. எதுத்துப் பேச ஆளே இல்ல, பேஜாராப் போச்சு.”

“ஏம்மா, உனக்கு நெஞ்சில ஈரமே இல்லியா?” என்று ஒருத்தி உன்னை அதட்டினாள். எனக்கும் எரிந்துகொண்டு வந்தது. இவளெல்லாம் ஒரு நர்சா, ஒரு பொம்பளையா என்று. வாயைத் திறந்தேன். திட்டத்தான் திறந்தேன். ஆனால் வந்தது, “நாற்காலியெல்லாம் ஒரு ஆல்பமா?” என்பது. அப்புறம் நிற்கவில்லை. அழுதுகொண்டே சண்டை போட்டேன், மூக்கைச் சிந்திக்கொண்டே சண்டை போட்டேன், நீ ஒரு இஞ்ச் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிப் பாட்டை எடுத்து வீசினேன். வழக்கம் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தப் பெட்டியில், ஏன், இந்த ஊரிலேயே அன்றைக்கு என்னைத் தாலி அறுத்தவளாகப் பார்க்காமல் எதிர்க்கட்சியாகப் பார்த்தது நீ ஒருத்திதான். மல்லாட்டையைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம்.

வருஷங்கள் ஓடின. அவர்களும் விடாமல் ஆல்பம் போட்டார்கள். நாமும் விடாமல் கேட்டுவிட்டு, மாடிப்படி, நாற்காலி பக்கம்கூட வராது என்று அதில் மட்டும் கூட்டணி வைத்துக்கொண்டோம். நீ ரிட்டயர் ஆனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகன் வீட்டுக்கு வந்தவன், “அத்த, உங்க மாடிப்படிய முழுசாப் போடவா?” என்று போனில் போட்டான். பாட்டு வரிசையாக ஓடியது. கடைசிக்கு முந்தின பாட்டு முடிந்தது. நான் பியானோவுக்காகக் காத்திருக்கிறேன். போன் நின்றுவிட்டது. “அவ்ளோதான் அத்த. ஆல்பமே அவ்ளோதான்.” அவனை நம்பாமல் திரும்பத் திரும்பத் தேடச் சொன்னேன். அந்தப் பாட்டு அதில் மட்டுமில்லை, அந்த பேண்டு போட்ட எதிலுமே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். விஷயத்தைச் சொன்னதும் உருவுவதை நிறுத்தாமலே சிரித்தாய்.

“டேப்பு மீதி இருந்திருக்கும். வீணாப் போவுதேன்னு கடைக்காரன் வேற எவன் பாட்டையோ போட்டு ரொப்பிக்கீறான்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ஒரிஜினலு எங்கிட்ட தானடி இருக்குது. நீ மொத நாளு பியானோன்னு சொன்னப்பவே தெரியும்.”

“தெரிஞ்சிமா இத்தினி வருசம் வாய மூடிக்கினு இருந்தே? ஒரே வார்த்தையில ஜெயிச்சிருப்பியே!”

“ஜெயிச்சிட்டு? அப்பறம் திண்டிவனம் வரைக்கும் என்னாத்தப் பேசறது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கீரையைத் தூக்கித் தெருவில் கொட்டியிருப்பேன். கொட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து நானும் உருவினேன். அந்தப் பாட்டு இல்லாமலேயே மாடிப்படிதான் உசத்தி என்று கிளம்புவதற்குள் நிரூபித்துவிட்டுத்தான் வந்தேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்றார்கள். நர்சாக இருந்தவளுக்கு யாரும் எதையும் மறைக்க முடியவில்லை. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாய். கோர்ட் விட்டு வரும்போது நான் விழுப்புரம் போகாமல் அங்கேயே இறங்கிவிடுவேன். சின்னதாகிவிட்டிருந்தாய், அக்கா. ஆனால் வாய் சின்னதாகவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்கு எந்த மாத்திரையைச் சோற்றுக்கு முன்னால் போடணும், எதைப் பின்னால் போடணும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாய். ஒருநாள் நான் ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னாய்.

“கட்சி மாறிட்டேன்டி.”

“எந்தக் கட்சி?”

“உங்கட்சிதான். நேத்து பூரா கேட்டுக்கினு இருந்தேன். மாடிப்படிதான் நல்லாக்கீது. நீ சொன்னதுதான் கரெக்டு.”

எத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தையைக் கேட்கப் பாடுபட்டிருப்பேன். ஜெயித்த சந்தோஷம் ஒரு பொட்டுகூட வரவில்லை. போகப்போகிறவள்தான் இப்படி வழக்கை முடித்து வைப்பாள். தம்ளரை வைத்துவிட்டு வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

“யாரு உன்ன விட்டுக்குடுக்கச் சொன்னது? கேட்டனா நானு? இத்தினி வருசம் சொன்னதெல்லாம் என்னா, புளுகா?”

டியூட்டி நர்ஸ் ஓடிவந்தாள். “ஏம்மா, பேஷண்டுகிட்ட இப்படிக் கத்தறீங்க?” நீ கையைத் தூக்கி அவளைத் தடுத்தாய். “விடும்மா. இது கட்சி வெவகாரம்.” அவள் போன பிறகு என்னைப் பார்த்தாய். கண்ணில் தண்ணீர் இருந்தது, சிரிக்கவும் சிரித்தாய்.

“உனுக்கு எதனா குட்த்துட்டுப் போலாம்னு பாத்தேன். உனுக்கு வேற என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியல.”

“ஒண்ணும் வாணாம். எங்கட்சியில உனுக்கு எடமில்ல. நீ பேசாம உங்கட்சியிலயே இரு.”

அப்புறம் தலையணையில் நகர்ந்து நிமிர்ந்தாய். “அப்பிடின்னா கேட்டுக்கோ. உன் மாடிப்படியில அந்த ரெண்டாவது பாட்டு இருக்குதே, அது தண்டம்.” தண்டமா? அந்தப் பாட்டா? நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து வாட்ச்மேன் வந்து விரட்டும்வரை சண்டை போட்டோம். என் தொண்டை கட்டிக்கொண்டது. நீ மூச்சு வாங்கினாய், ஆனால் விடவில்லை. அதற்கப்புறம் நீ பேசுகிற நிலைமையில் இல்லை.

இப்போதெல்லாம் நாற்காலியைத்தான் அடிக்கடி கேட்கிறேன், அக்கா. உன்னை மடக்க ஒரு பாயின்ட் கிடைக்குமா என்றுதான் ஆரம்பிப்பேன். பாதி போனதும் மனசு இளகிவிடும். கோபம் அடங்கினப்புறம் என்று நீ சொன்னது இதைத்தானா, நீ சொன்னதுதான் சரியோ என்று தோன்றும். உடனே நிறுத்திவிடுவேன். ஒத்துக்கொண்டால் உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?

நாற்காலி நல்ல ஆல்பம்தான். ஆனா நீ சொல்ற அளவுக்கெல்லாம் இல்ல.