மில் கணக்கில் ஐம்பத்தெட்டு

மாமா,

இன்று அகராதியைத் திறந்தபோது, நீங்கள் கையெழுத்துப் போடாத அந்தப் பென்சன் தாள் விழுந்தது. மடிப்பில் ஒரு பஞ்சுத் துணுக்கு. நான் மூச்சுவிட்டதும் எழுந்து, ஜன்னல் வெயிலில் கொஞ்ச நேரம் மிதந்தது. ஷிப்ட் முடிந்து, புருவமெல்லாம் வெள்ளையாக நீங்கள் எங்கள் வாசலில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

அப்போது நான் எட்டாவது. இருமல் தாங்காமல், மில்லை விட்டு நின்றுவிடலாம் என்று அந்தத் தாளை என்னிடம் நிரப்பக் கொண்டுவந்தீர்கள். பதினைந்து வயதில் பதினெட்டு என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர் நீங்கள். மில் கணக்கில் ஐம்பத்தைந்து.

"நெசத்துல அம்பத்திரெண்டுதான் தாயி. அதை எழுதிராத."

பக்கத்தில் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் தாளின் பின்பக்கத்தைப் பாடம் ஒப்பிப்பதுபோல உரக்கப் படித்தேன். ஐம்பத்தெட்டுக்கு முன் வாங்கினால் ஒவ்வொரு வருடத்துக்கும் பென்சன் குறையும். உறுப்பினர் இறந்தபின் மனைவிக்கு, அப்படிக் குறைந்ததிலும் பாதிதான்.

நீங்கள் அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு பேனாவை மூடினீர்கள். "இது உங்கிட்டயே இருக்கட்டும். இன்னும் மூணு வருசந்தானே."

அந்த மூன்று வருடமும் விடியற்காலை மில் சங்கு ஊதும்போது உங்கள் இருமல் தெருவைக் கடந்துபோகும். அரைத் தூக்கத்தில் கேட்டுவிட்டு, கனவென்று நினைத்துக்கொள்வேன். ஓய்வு பெற்றதும் அத்தையோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போய்வந்தீர்கள். தண்ணீர்ச் சத்தத்தில் உங்கள் இருமல் உங்களுக்கே கேட்கவில்லை என்று அதிசயமாகச் சொன்னீர்கள். அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில், தன் தங்கை வீட்டில் இருக்கும் அத்தைக்குக் குடும்பப் பென்சன் தாள் நிரப்பிக் கொடுத்தேன். அன்று நான் அந்தப் பின்பக்கத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன்.

அத்தை கைநாட்டு வைத்த மையைத் துடைத்துக்கொண்டே, "ஏட்டி, நீ படிக்காட்டியும் அவிய மில்லுக்குத்தான் போயிருப்பாவ. வீட்டுல இருந்தா எங்கூடல்லா பேசணும்" என்று சிரித்தார்கள். பிறகு, தாளில் உங்களுக்கு எவ்வளவு வயது போட்டிருக்கிறேன் என்று கேட்டார்கள்.

ஐம்பத்தெட்டு என்றேன்.

"அம்புட்டு வயசு அவிய இருக்கவே இல்லையே" என்றார்கள்.

இப்போதும் தெருவில் பலருக்குத் தாள்கள் படித்துக் காட்டுகிறேன், மாமா. பின்பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன். பிறகுதான், மெதுவாக, ஒரு வரியும் விடாமல் படிக்கிறேன்.