கீரைக் கூடையோடு நீ எடுத்த கணக்கு

என்னை இடுப்பில் சுமந்தே வளர்த்த என் அம்மாவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்தபோதும் வீட்டுக்கு வந்த கடுதாசிகளை நான்தான் படித்துக் காட்டுவேன். இதையும் எழுதி முடித்ததும் ஒரு முறை சத்தமாகப் படிக்கப் போகிறேன். அப்பா சாயப்பட்டறையிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். நீயும் கேட்டுக்கொள்.

நல்ல செய்தி, அம்மா. அரசாங்கம் நம் ஊரில் சின்னப் பிள்ளைகளின் கணக்கை எடுத்துவிட்டது. நடக்க முடியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, வயதுக்கேற்ற பேச்சு வராத பிள்ளை என்று ஆறு வயதுக்குள் இருக்கிறவர்களை வீடு வீடாகப் போய் எழுதியாகிவிட்டது. எழுதியவர்களில் நானும் ஒருத்தி! முத்திரை குத்திய சீட்டும், அச்சடித்த தாள்களும், தோளில் ஒரு பையுமாக நான் தெருவில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே.

அப்போது எனக்கு ஐந்து வயது. ஜனத்தொகைக் கணக்கு எழுத ஒரு வாத்தியார் வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன காலோடு நான் உள்ளறையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று எனக்கு ஜாடை காட்டிவிட்டு நீ வாசலுக்குப் போனாய்.

"எத்தினி பிள்ளைங்கம்மா?"

"ரெண்டு சார். பெரியவ சாந்தா. சின்னவன் ஏழுமலை."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். என்னை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே, திரும்பாமல் பதில் சொன்னாய். "சாந்தாவுக்கு நாளைக்கி மாப்ள பாக்க வாணாவா? இப்பிடி ஒண்ணு ஊட்ல இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

இப்பிடி ஒண்ணு. அந்த இரண்டு வார்த்தைக்காக உன்மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

ஒன்பது வயதில் என் முழங்கால் புண் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறியது. நீ என்னைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாய். அந்த டாக்டர் புண்ணைவிட என் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார். "வாதம் வந்த கொஞ்ச மாசத்துலயே கொண்டுவந்திருந்தா கால் இப்படி மடங்க விட்டிருக்க மாட்டோம்மா" என்றார். "உங்க ஊர்ல யாரும் வந்து பாக்கலையா? எந்தக் கணக்குலயும் இந்தப் பொண்ணு இல்லையா?"

நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஆபரேஷன் செய்து, இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த பூட்ஸ் மாட்டி, நடக்கப் பழக்கி அனுப்பினார்கள். திரும்பி பஸ்ஸில் வந்தோம். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நின்றபோது ஒரு கொய்யாப்பழம் வாங்கி என் கையில் வைத்துவிட்டு, "நான்தான் சொல்லாம உட்டேன்" என்றாய். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி பழத்தைக் கடித்தேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

மறுநாளிலிருந்து நீ வேறு ஆளாகிவிட்டாய். விடியற்காலையில் முசரவாக்கம் பக்கத்திலிருந்து வரும் கீரைக் கட்டுகளை வாங்கிக் கூடையில் அடுக்கி, சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் விற்பதுதானே உன் தொழில். கணக்கு எழுத வருகிறவர்கள் வாசலோடு போய்விடுவார்கள். கீரைக்காரி புழக்கடை வழியாக வருகிறவள். கிணற்றடியில் சாக்கில் படுக்கவைத்திருக்கும் குழந்தை, தறிக்குழிக்குப் பக்கத்தில் கயிற்றால் கட்டி உட்காரவைத்திருக்கும் குழந்தை, யார் வந்தாலும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடும் குழந்தை என்று எல்லாரையும் நீ பார்த்திருந்தாய்.

ஒவ்வொரு புழக்கடையிலும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதையே சொன்னாய். "மறைக்காதம்மா. நான் மறச்சேன். எம் பொண்ணு கால் மடங்கிப்போச்சு." சிலர் உன்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். சிலர் அன்றோடு உன்னிடம் கீரை வாங்குவதை நிறுத்தினார்கள்.

எனக்குப் பதினைந்து வயதானபோது மறுபடி ஜனத்தொகைக் கணக்கு வந்தது. இந்த முறை என் கையைப் பிடித்து வாசலுக்கே இழுத்துப் போனாய்.

"மூணு பிள்ளைங்க சார். நடுவுல இவ, தேவகி. இவளுக்குக் கால் வராது. அதையும் எழுதிக்கினு போங்க."

வந்தவர் இளைஞர், நல்லவர். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கட்டம் இல்லீங்கம்மா" என்றார்.

"கட்டம் இல்லன்னா ஓரமா எழுதுங்க."

"ஓரத்துல எழுதினா கணக்குல வராதும்மா. அதெல்லாம் மேல இருக்கறவங்க மாத்தணும்."

"மேலன்னா எங்க சார்?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். நீ சிரிக்கவில்லை. அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்று மறுநாளே தேடக் கிளம்பிவிட்டாய். ஏறாத படி இல்லை. ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர் உனக்குப் பொறுமையாகத்தான் விளக்கினார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு டாக்டர் வேண்டும், தனி வகுப்பு வேண்டும் என்றால், எத்தனை பேர் என்று கணக்கு வேண்டும். கணக்கில் அப்படி யாரும் இல்லை. இல்லாதவர்களுக்கு எப்படி டாக்டர் போடுவது?

"இருக்குது சார்" என்றாய். "நீங்க எண்ணல. அவ்ளோதான்."

வெளியே வந்ததும் எனக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாய். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் காலிக் கூடையோடு வந்து, காலைக் கழுவியதும் சுவரில் சாய்ந்துகொண்டு சொல்வாய். நான் எழுதுவேன். "கெணத்தடி ஊட்டுக் கொழந்த, வயசு மூணு. கூப்ட்டா திரும்பாது. ஆனா தறி மிதிக்கிறப்போ தரையில கைய வச்சிக்கினு சிரிக்குது." "கோடி ஊட்டுப் பையன், வயசு ரெண்டு. கழுத்து நிக்கல. அவங்கம்மா பாட்டு பாடினா மட்டும் அழுகைய நிறுத்துறான்."

பேரும் வயசும் போதாதா, இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொண்டேன். "செவிடு, நொண்டின்னு எழுதினா படிக்கிறவனுக்கு இன்னாடி தெரியும்? இன்னா முடியுது, இன்னா முடியலன்னு எழுது. அப்பதான டாக்டருக்கு வழி தெரியும்" என்றாய். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத உனக்கு இது எப்படித் தோன்றியது, அம்மா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நோட்டு நிறைந்தது. மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று, கலெக்டர் கையிலேயே அதைக் கொடுத்தாய். அவர் இரண்டு மூன்று பக்கம் புரட்டினார். "யாரு எழுதினது?" என்றார். "எம் பொண்ணு எழுதினா. நான் பாத்தேன்" என்றாய். பார்க்கிறோம் என்று சொல்லி நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உனக்கு உறைத்தது. "அய்யோ, நகல் எடுக்காம குட்த்துட்டமேடி!"

பதில் வரவில்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தால் நீ வாசலுக்குப் போய்விடுவாய். இரண்டு வருஷம் அப்படியே போனது. பிறகு மஞ்சள்காமாலை வந்தது. பத்தே நாளில் எங்களை விட்டுப் போய்விட்டாய்.

அதற்குப் பின் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது.

போன வருஷம் உத்தரவு வந்தது. சின்னக் குழந்தைகளின் குறைபாடுகளைச் சரியாகக் கணக்கெடுக்க அரசாங்கமே செலவு செய்யும். முதலில் நம் ஊர், பிறகு சுற்றுப்பட்டுக் கிராமங்கள். வீடு வீடாக எழுத ஆட்கள், அவர்களுக்குப் பயிற்சி, எழுதிய பிள்ளைகளைப் பார்க்க டாக்டர்கள், டாக்டர்கள் போய்வர ஒரு ஜீப். உன் நோட்டால்தான் இது வந்ததா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. பல ஊர்களிலிருந்தும் மனுக்கள் வந்தன என்றார்கள். அந்தக் குவியலில் உன்னுடையதும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழோடு நானும் மனுப் போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர் என் பூட்ஸைப் பார்த்தார். "தெருத்தெருவா நடக்கணுமேம்மா?"

"நடப்பேன் சார். மத்தவங்களுக்கு ஒரு தெரு முடியற நேரத்துல நான் அரைத் தெரு முடிப்பேன். ஆனா ஒரு வீடும் விட மாட்டேன்."

எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பட்டணத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். கரும்பலகையில் முதல் கேள்வியை எழுதினார்: 'உங்கள் வீட்டில் ஊனமுற்ற குழந்தை உண்டா?' எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். என் கை ஓடவில்லை. எழுந்து நின்றேன்.

"மேடம், இப்படிக் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. எங்க வீட்ல எங்கம்மாவே அப்படித்தான் சொன்னாங்க. நான் உள்ளதான் இருந்தேன்."

"அப்ப எப்படிக் கேக்கலாம்?" என்றார் அவர்.

"குழந்தை என்ன செய்யுதுன்னு கேக்கலாம். பின்னால நின்னு கூப்பிட்டா திரும்புதா? தானா சாப்பிடுதா? அதே வயசுப் பிள்ளைங்க மாதிரி நடக்குதா? சொல்றது புரியுதா? இதைக் கேட்டா எந்தத் தாயும் மறைக்க மாட்டா. தன் பிள்ளை எப்படி இருந்தாலும் அதைப் பத்திப் பேச அவளுக்கு ஆசைதான்."

அவர் துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார். "வாங்க. நீங்களே எழுதுங்க" என்று சாக்பீஸை நீட்டினார். மத்தியானம் வரைக்கும் எல்லாருமாகச் சேர்ந்து கேள்விகளை மாற்றினோம். சாப்பாட்டு வேளையில், இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார்.

"எங்கம்மாகிட்ட. கீரை வித்தாங்க" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வள்ளி என்று ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. அவளை யாரும் மறைத்துவைக்கவில்லை. வாசலிலேதான் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பட்டு நூல் சுற்றிக்கொண்டே, குறை ஒன்றும் இல்லை என்பது போல் பதில் சொல்லிவந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று கேட்டதும் அவள் கை நின்றது. மெல்ல எழுந்து போய், குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று, "வள்ளி" என்றாள். மறுபடியும் "வள்ளி" என்றாள். குழந்தை மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தது.

"திமிருன்னு நெனச்சிக்கினு அடிச்சேனேம்மா" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் பார்த்தார். இரண்டு காதிலும் பழைய சீழ். மருந்து கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். வாரந்தோறும் வரச் சொன்னார்கள். சில வாரம் கழித்து நர்ஸ் அவள் பின்னால் நின்று டம்ளரில் கரண்டியால் தட்டினார். வள்ளி திரும்பினாள். அவள் அம்மா நர்ஸைத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் போய் நின்றாள். "வள்ளி!" குழந்தை திரும்பி, ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்பது போல் பார்த்தது. அன்று டாக்டர்கூடக் கைதட்டினார், அம்மா.

எல்லாருக்கும் இப்படிக் குணமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். கண் தெரியாத ஒரு பையனுக்குப் பார்வை வரப்போவதில்லை. ஆனால் அவனைத் தனியாக நடக்கப் பழக்க இப்போது ஆள் வருகிறார். கை கால் விறைத்த ஒரு பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்கத் தச்சர் நாற்காலி செய்து கொடுத்திருக்கிறார். அவன் முதல் முறையாகத் தெருவை உட்கார்ந்து பார்க்கிறான்.

நாங்கள் எழுதிய தாள்கள் எல்லாம் மேலே போயின. போன திங்கட்கிழமை அந்த அதிகாரியே வந்து எங்கள் முன்னால் உத்தரவைப் படித்தார். நம் ஊர் ஆஸ்பத்திரியில் இந்தப் பிள்ளைகளுக்கென்று நிரந்தரமாக ஓர் அறை. வாரம் ஒரு நாள் டாக்டர். காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, அதற்கு ஓர் ஆசிரியை. நாங்கள் எழுதிய கேள்விகளை அப்படியே அச்சடித்து மற்ற ஊர்களுக்கும் அனுப்பப் போகிறார்கள்.

நேற்று அந்த அறையைத் திறந்தார்கள். தெருவில் வரிசை நின்றது. பட்டப்பகலில், தலையில் முக்காடு இல்லாமல், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். "உன்னுது எத்தினி மாசம்?" "எம் பையன் இப்ப உக்கார்றான்மா!" சாந்தா தன் இரண்டாவது குழந்தையோடு புருஷன் வீட்டிலிருந்து இதைப் பார்க்கவே வந்திருந்தாள். ஏழுமலை வரிசையில் நின்றவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தான். அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அம்மா. என்றைக்கோ போய்விட்டது, சொல்லத்தான் தாமதமாகிவிட்டது.

அடுத்த வாரம் கிராமங்களுக்குக் கிளம்புகிறோம். வயல்வரப்பு, வண்டிப்பாதை, காலனி, பெரிய தெரு என்று எந்த வீட்டையும் தாண்டிப் போக மாட்டேன். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன். எழுதிய ஒவ்வொரு பிள்ளையையும் டாக்டர் பார்த்தாரா என்று திரும்பப் போய்க் கேட்பேன். பார்க்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உன் மகள்,
தேவகி