திரும்பத் தெரியாத பேய்

மார்ச் 4
பேருந்துப் பணிமனை ஓய்வறையில் ஒரு பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மஞ்சள் உருண்டை ஒன்று. வாய்தான் அதற்கு உடம்பே. சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்ன வேண்டும். நான்கு பேய்கள் துரத்தும். இத்தனை வருடம் பேருந்து ஓட்டியவன், சந்துக்கா பயப்படுவேன்? முதல் திருப்பத்திலேயே காலி.

மார்ச் 5
இன்றும் காலி. மெக்கானிக் சிரித்த சிரிப்பில் அவனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. நன்றாக வேண்டும்.

மார்ச் 8
லீவில் வந்த மகள் விடுதிக்குத் திரும்பும் பேச்சையே எடுக்கவில்லை. கல்லூரி திறந்தாயிற்று. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." நான் பெரிய ஞானி போல, "வண்டிய எடுத்துட்டா கடைசி ஸ்டாப் வரைக்கும் போயாகணும்மா" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் அந்த உருண்டைக்கும் வாய் ஒன்றுதான் சொத்து.

மார்ச் 10
பணிமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள் விளையாட்டுப் பெட்டி முன்னால் நின்றாள். அம்மாடி, என்ன ஆட்டம்!
"செவப்பு நேரா பின்னாலயே வரும்பா. ரோஸ் நாம போற எடத்துக்கு முன்னாடியே போய் மடக்கப் பார்க்கும். வெளிர்நீலம் என்ன பண்ணும்னு சொல்லவே முடியாது. ஆரஞ்சு வீராப்பா வந்து, கிட்ட வந்ததும் ஓடிடும். உங்கள மாதிரி."
நான்கு வண்ணப் பொட்டுக்குள் நான்கு குணம்! யாரோ ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பெரிய புள்ளியை விழுங்கியதும் துரத்திய பேய்களே நீலம் பாரித்து ஓடுகின்றன. வாயைப் பிளந்து நின்றேன்.

மார்ச் 11
நான் ஆட, அவள் பார்த்தாள். எதிரே சிவப்பு. முக்கு வரட்டும், திரும்பலாம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.
"திரும்புங்கப்பா!"
"நடுச்சந்துல எப்படித் திரும்பறது?"
"இது என்ன பஸ்ஸா? அப்படியே பின்னால போகலாம். பேய்ங்களுக்குத்தான் நெனச்சப்ப திரும்ப முடியாது. நீங்க பேய் மாதிரி ஆடறீங்க."
மெய்சிலிர்த்துவிட்டது. அவற்றுக்கு அத்தனை தந்திரம் — நினைத்தபோது திரும்பும் வரம் மட்டும் உருண்டைக்கு!
கைப்பிடியை வாங்கிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தப் படிப்பு எனக்கு ஒத்து வரலப்பா. கிளாஸ்ல உக்காந்தாலே மூச்சு முட்டுது."
கடைசி ஸ்டாப் நாக்கு நுனிவரை வந்தது. அதிசயம், வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 12
அவளம்மாவிடம் நானே சொன்னேன். திட்டினாள். அழுதாள். பிறகு, "விடுதியில இருக்கற பெட்டி படுக்கையெல்லாம் கனக்கும், கூடப் போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மார்ச் 13
லீவு சொல்லியாயிற்று. நாளை இருவருமாக விடுதிக்கு, அவள் அறையைக் காலி செய்ய. பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் பின்னே நின்று, வண்டியைத் தட்டி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுக்க வேண்டும்.
நாளை அந்த வேலை எனக்கு.